நொத்தேர் வண்டியின் பிரேக்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் காலையில் அதிகம் சாப்பிடுவதில்லை. இரண்டு பிஸ்கட், ஒரு டீ, அவ்வளவுதான். வயிற்றுக்கு வாரத்தில் ஒரு வேளையாவது ஓய்வு வேண்டும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இதை வேறு மாதிரி பேசுகிறார்கள்.

ஜமாஅத் தலைவர் அவர்களும் மற்றப் பெரியவர்களும் நடந்ததை நடந்தபடி என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுகிறேன். என் பெயர் உஸைர். வயது முப்பத்து நான்கு. நேரு வீதியில் ஒரு சூட்கேஸ் கடையில் எட்டு வருடமாக விற்பனைக்கு நிற்கிறேன். ஜலால் மாமாவின் மகள் இஃப்ஃபத்தை எனக்கு நிச்சயம் செய்தபோது உங்களில் பலர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். அன்று நல்ல பையன் என்றீர்கள். நான் அப்போது எப்படி இருந்தேனோ அப்படியேதான் இப்போதும் இருக்கிறேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. உப்பளம் பகுதியில் ஜலால் மாமா வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதே, கறுப்பு பேஜோ கார், அதுதான். பத்திரம் எழுதிக்கொண்டிருந்த பிரெஞ்சுக்கார நொத்தேர் ஒருவர் ஊரைவிட்டுக் கப்பலேறும்போது மாமாவின் தகப்பனாரிடம் விட்டுப்போன வண்டி. அதனால் அந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் அது நொத்தேர் வண்டி. ஸ்டீரிங் இடப்பக்கம் இருக்கும். முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஜஹபர் நிஷா மாமி காரைக்காலிலிருந்து மணப்பெண்ணாக வந்து இறங்கியது அதில்தான். தன் மகளும் அதில் ஏறித்தான் புகுந்த வீடு போக வேண்டும் என்பது மாமியின் ஆசை. நகையைப் பற்றியோ மண்டபத்தைப் பற்றியோ மாமி வாயைத் திறக்கவில்லை. இந்த ஒன்றைத்தான் கேட்டார்கள். மாமாவும் நிச்சயத்தன்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாக்குக் கொடுத்தார்.

மாமிக்கு அப்போதே சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தது. வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார்கள். ஒன்றரை வருடம், ரொம்பக் கவனமாக இருந்தால் இரண்டு வருடம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் கல்யாணத்தை மூன்றே மாதத்தில் வைத்தோம். மகள் அந்த வண்டியில் ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும் என்பதைத் தவிர மாமிக்கு வேறு கவலை இல்லை.

வண்டி நன்றாகத்தான் ஓடியது. ஒரே குறை பிரேக். பெடலை மிதித்தால் பஞ்சுமெத்தையில் கால் வைத்தது போல் உள்ளே போய்க்கொண்டே இருந்தது. பழைய வாஷர்களை மாமாவே மாற்றிவிட்டார். மிச்சமிருந்தது ஏர் எடுக்கிற வேலை மட்டும்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெடலை மிதித்தால் குழாயில் இருக்கும் பிரேக் ஆயில் போய் நான்கு சக்கரத்தையும் பிடிக்க வேண்டும். குழாய்க்குள் காற்று புகுந்திருந்தால், மிதிக்கிற மிதியெல்லாம் காற்றை நசுக்குவதிலேயே போய்விடும், சக்கரம் நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வண்டிக்கடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன நிப்பிளைத் திறந்து மூடுவார். இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிப்பார்.

அடியில் இருப்பவர் 'மிதி' என்பார். மூன்று முறை மிதித்து, நான்காவது முறை அழுத்திப் பிடித்துக்கொண்டு, 'புடிச்சிருக்கேன்' என்று மேலிருந்து குரல் கொடுக்க வேண்டும். அவர் நிப்பிளைத் திறப்பார். ஆயிலோடு காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். மூடிவிட்டு 'வுடு' என்பார். அதற்குப் பிறகுதான் காலை எடுக்க வேண்டும். ஒரு நொடி முன்னால் எடுத்தாலும் திறந்திருக்கிற நிப்பிள் வழியாக வெளிக்காற்று உள்ளே ஏறிவிடும். அடியில் படுத்திருப்பவருக்கு மேலே இருப்பவனின் கால் தெரியாது. குரலை நம்ப வேண்டியதுதான்.

மாமா வீட்டில் வேறு ஆண்பிள்ளை கிடையாது. "மாப்பிள்ள, ஞாயித்துக்கெழம ஒரு அரமணி நேரம் வந்துட்டுப் போவீங்களா?" என்று போனில் கேட்டார். போனேன். மாமா அறுபத்திரண்டு வயதில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சிமெண்டுத் தரையில் படுத்து உள்ளே நகர்ந்தார். சற்று நேரம் கழித்து அடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"மாப்பிள்ள, புடிச்சிக்கிட்டீங்களா?"

இந்த இடத்தில் என்னைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்ல வேண்டும். நான் எங்கள் வீட்டில் நான்காவது பையன். நான் பேசினால் டிவி சத்தத்தைக் குறைக்கிற வழக்கம் வீட்டில் இல்லை. கடையில் முதலாளி என்னை 'ஏ, நீலச் சட்டை' என்பார். அது சீருடை, எல்லோரும் நீலம்தான். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு மனிதர், அதுவும் வயதில் பெரியவர், நான் ஒரு சொல் சொல்ல வேண்டும் என்பதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது அதுதான் முதல் தடவை. "புடிச்சிருக்கேன் மாமா" என்றேன். அதன்பிறகுதான் அவர் நிப்பிளைத் திறந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை மறைக்க ஒன்றுமில்லை.

முதல் ஞாயிறு நடந்தது உண்மையிலேயே தவறுதான். தும்மல் வந்தது. கால் தானாக மேலே வந்துவிட்டது. கடைசியில் மாமா ஏறி மிதித்துப் பார்த்தார், பெடல் பழையபடி பஞ்சு. நான் தும்மலைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் மாமா, "பரவால்ல மாப்பிள்ள, பழைய வண்டி, அடுத்த ஞாயிறு பாத்துக்கலாம். கை கழுவிட்டு வாங்க, மாமி எலை போட்டுட்டாங்க" என்றார். பிரியாணி, தால்சா, கத்திரிக்காய் பச்சடி, பிரெட் அல்வா. மாமி நாற்காலியில் உட்கார்ந்தபடியே பக்கத்துவீட்டுப் பெண்ணை வைத்துச் சமைத்திருந்தார்கள். அவர்கள் உப்பைத் தொடக்கூடாது, கறியைத் தொடக்கூடாது. மற்றவர் சாப்பிடுவதைப் பார்த்தே பசியாறிக்கொண்டார்கள்.

இரண்டாவது ஞாயிறு தும்மல் வரவில்லை. ஆனாலும் காலை எடுத்தேன்.

சாப்பாட்டுக்காகச் செய்தேன் என்று பேசுகிறார்கள். அது என்னைச் சின்னவனாக்குகிற பேச்சு. என் அண்ணன்கள் மூன்று பேரும் ஒரு காலத்தில் மாப்பிள்ளைகளாக இருந்தவர்கள்தான். நிச்சயம் ஆனதிலிருந்து நிக்காஹ் வரைக்கும் பெண்வீட்டில் அவர்களுக்கு நடந்த உபசாரத்தை நான் கண்ணால் பார்த்தேன். கல்யாணமாகி ஆறாவது மாதம் பெரிய அண்ணனை அவர் மாமனார், "அந்த கேஸ் சிலிண்டர மாத்திட்டுப் போயேன்" என்றார். அதற்கு முன் வாங்க, போங்க என்று கூப்பிட்டவர்தான். ஆகவே மரியாதை என்பது மாப்பிள்ளை ஆகப்போகிறவனுக்குத்தான், ஆனவனுக்கு இல்லை என்பது எனக்குத் தெரியும். கல்யாணம் வேண்டாம் என்று நான் நினைத்ததே இல்லை. இஃப்ஃபத் படித்த பெண், பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிறாள், என்மேல் பிரியமாகவும் இருந்தாள். அடுத்த ஞாயிறு ஆகட்டும் என்றுதான் ஒவ்வொரு ஞாயிறும் நினைத்தேன்.

நான்கு வாரத்துக்குப் பிறகு மாமா சாரம் பகுதியிலிருந்து மெக்கானிக் காத்தவராயன் அண்ணனை வரவழைத்தார். பிரேக் வேலையில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. பெடலில் காலை வைத்தவுடனே எந்தச் சக்கரத்தில் கோளாறு என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு பிடிவாதமும் உண்டு. கையிலெடுத்த பிரேக் வேலை முடியாமல் இன்னொரு வண்டியின் பிரேக்கைத் தொடமாட்டார். "கால்ல ஒரு பெடலு குந்திகினு இருந்தா இன்னொரு பெடலு வெளங்காது பாய்" என்று மாமாவிடம் சொன்னார். அன்றிலிருந்து அண்ணன் அடியில், மாமா பானெட்டைத் திறந்து ஆயில் குறையக் குறைய ஊற்ற, நான் சீட்டில் என்று வேலை பிரிந்தது. ஆள் கூடியதால் எனக்கு மரியாதையும் கூடியது.

காற்று ஏறும்போது விசில் போல ஒரு மெல்லிய சத்தம் வரும். மாமாவின் காதில் அது விழாது, அண்ணன் காதில் விழும். அதனால் அந்த நேரத்தில் நான் இருமிக்கொள்ளப் பழகினேன். மூன்றாவது இருமலுக்கே மாமி ஜன்னல் வழியாகச் சுக்குக்காப்பி கொடுத்தனுப்பினார்கள். அதன்பின் ஒவ்வொரு ஞாயிறும் ஃபிளாஸ்கில் எனக்கென்று தனியாகச் சுக்குக்காப்பி இருந்தது. பிறகு அண்ணன் நிப்பிளில் ஒரு டியூபை மாட்டி, அதன் முனையை ஆயில் பாட்டிலுக்குள் முக்கிவைத்தார். அப்படி வைத்தால் ஆயில்தான் திரும்பி உள்ளே போகும், காற்று போகாது. இரண்டு வாரம் எனக்கு நிஜமாகவே சிரமமாக இருந்தது. காலை வெடுக்கென்று எடுத்தால் நிப்பிளின் மரை வழியாகக் காற்று புகும் என்பதை நானே கண்டுபிடித்தேன். யாரும் சொல்லித்தரவில்லை.

எந்தச் சக்கரத்தில் காற்றை விடுவது என்பது அன்றன்றைய மனநிலையைப் பொறுத்தது. ஒரு வாரம் பின் இடது, அடுத்த வாரம் முன் வலது. அண்ணன் ரப்பர் ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டு நெரித்து, காற்று எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிப்பார். கண்டுபிடித்த சக்கரத்தில் எல்லாவற்றையும் கழற்றி மாற்றுவார். அடுத்த ஞாயிறு கோளாறு எதிர்மூலைக்குப் போயிருக்கும். "முப்பது வருசத்துல இந்த மாரி ஒரு காத்த நான் பாத்ததில்ல பாய். இது வண்டிக்குள்ள வூடு கட்டிக்கினு கீது" என்றார். நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். மாமி உள்ளேயிருந்து ஓதி ஊதிய தண்ணீர் அனுப்பினார்கள், அதை மாமா டயருக்குத் தெளித்தார். பெடலிலிருந்து ஆயிலைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டரைப் புதிதாக வாங்கி, பிரெஞ்சு நாட்டில் லியோனில் இருக்கும் ஒரு சொந்தக்காரர் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். அந்தப் பெட்டி எங்கள் கடைப் பெட்டி. நல்ல பெட்டி, சிலிண்டருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை.

ஒருமுறை இஃப்ஃபத் ஜன்னலில் நின்றபடி, "காத்து தானா உள்ள போவாது அத்தா. எங்கயோ ஒரு வழி இருக்கணும்" என்றாள். எல்லோரும் குனிந்து வண்டிக்கடியில் பார்த்தார்கள். நானும் குனிந்து பார்த்தேன்.

என்னை ஏன் யாரும் சந்தேகப்படவில்லை என்று நீங்கள் கேட்கலாம். பட்டார்கள், ஒரே ஒரு நாள். பதினோராவது வாரம் காத்தவராயன் அண்ணன் அடியிலிருந்து வெளியே வந்து, கையைத் துடைத்துக்கொண்டே, "தம்பி, நான் வுடுன்னு சொல்றதுக்கு மின்னாடி கால எடுத்துடலியே?" என்றார். மாமாவின் கையிலிருந்து ஆயில் புனல் கீழே விழுந்தது. "காத்தவராயா! யாரப் பாத்து என்ன கேக்கற? மாப்பிள்ள காலு சரியில்லன்னு சொல்ற மாரி ஆவாதா? கல்யாணத்துக்கு முன்னாடி இப்பிடி ஒரு பேச்சு வரலாமா?" என்று பதறிவிட்டார். அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு ஒரு தூக்கு நிறைய அல்வா வந்தது. அடுத்த மூன்று நாளும் மாமா போன் செய்து வருத்தம் தெரிவித்தார். தன் அக்கா மகனைக் கூட்டிவந்து ஒரு வாரம் மிதிக்கவைத்துப் பார்க்கலாம் என்று அண்ணன் தனியாகச் சொல்லிப்பார்த்தாராம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு ஒரு ஞாயிறு காய்ச்சல் வந்தபோதுகூட, வேறு ஆளை உட்காரவைத்தால் மாப்பிள்ளையை அவமதித்தது போலாகும் என்று வேலையையே நிறுத்திவிட்டார்கள். பண்பான குடும்பம்.

அண்ணன் கேட்ட கேள்வி என் மனதைப் புண்படுத்தியது உண்மை. ஏழு வாரமாக ஒன்றாக வேலை செய்கிறவர்கள் அப்படிக் கேட்டுக்கொள்ளக் கூடாது.

கல்யாணத் தேதி மூன்று முறை தள்ளிப்போனது. மூன்றாம் முறை பத்திரிகை அடித்தபோது தேதி இருக்க வேண்டிய இடத்தில் புள்ளிகள் மட்டும் போட்டு அடித்தார்கள், பிரேக் பிடித்ததும் பேனாவால் எழுதிக்கொள்ளலாம் என்று. இஃப்ஃபத் ஒவ்வொரு சனிக்கிழமையும் 'நாளைக்காவது முடிஞ்சிடுமா?' என்று வாட்ஸ்அப்பில் கேட்பாள். 'இன்ஷா அல்லாஹ்' என்று அனுப்புவேன். நோன்பு மாதத்தில் பகல் வேலை வேண்டாம் என்று மாமா சொன்னபோது, மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு ஆரம்பிக்கலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன். அந்த மாதம் நோன்புக் கஞ்சி அவர்கள் வீட்டில்தான். கடமையில் நான் குறை வைக்கவில்லை.

முப்பத்தெட்டாவது ஞாயிறு நடந்தது தலைவர் அவர்களுக்கே நினைவிருக்கும், நீங்களும் அன்று அங்கே சாப்பிட்டீர்கள். மாமி ரொம்ப மெலிந்திருந்தார்கள். கை வீங்கியிருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சொன்னார்கள்.

"வேணாம் மாப்பிள்ள, அந்த வண்டி கெடக்கட்டும். ஏதோ ஆசையில சொல்லிட்டேன். ஆட்டோவோ காரோ, எதுலயாவது கூட்டிட்டுப் போங்க. எங்கண்ணு முன்னால நடந்துட்டா போதும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். இஃப்ஃபத் கதவோரம் நின்றிருந்தாள். நான் தட்டை ஓரமாக வைத்துவிட்டு, மிகவும் பணிவாகத்தான் பேசினேன். "நீங்க ஒரே ஒரு ஆசதான் மாமி கேட்டீங்க. அதக்கூட நெறவேத்தலன்னா நான் என்ன மருமவன்? நொத்தேர் வண்டியிலதான் உங்க மவ வருவா. எத்தன நாளானாலும் நான் காத்திருக்கேன்" என்றேன். மாமி அழுதுவிட்டார்கள். மாமா எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார். தலைவர் அவர்களே, நீங்கள்தான் முதலில் மாஷா அல்லாஹ் என்றீர்கள். இந்தக் காலத்தில் இப்படி ஒரு பிள்ளையா என்றீர்கள். அன்று நான் எழுந்து, உங்கள் முன்னால் பொய் சொன்னேன் என்று இப்போது எழுதச் சொன்னால் எப்படி எழுதுவது? காத்திருப்பேன் என்றேன். காத்திருந்தேன்.

ஐம்பத்திரண்டாவது ஞாயிறு முடிந்து, வியாழக்கிழமை மாமி மௌத்தானார்கள். அதனால் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிகிற வரை ஞாயிறு வேலை நடக்கவில்லை. எனக்கு அந்த வாரங்கள் கஷ்டமான வாரங்கள்.

காத்தவராயன் அண்ணனும் அதற்குள் உடைந்துபோயிருந்தார். ஒரு வருடமாக வேறு எந்த பிரேக்கையும் அவர் தொடவில்லை. பழைய வாடிக்கைக்காரர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். பஞ்சர் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தார். நாற்பதாம் நாள் கழிந்த ஞாயிறன்று கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று வந்தார். "என் காலு செத்துப்போச்சு பாய். பெடலு நல்லாத்தான் கீதோ என்னவோ, எனக்குத்தான் தெரியலியோ" என்று மாமாவிடம் சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது.

நான் சீட்டில் ஏறப் போனேன். அப்போது இஃப்ஃபத் வாசலுக்கு வந்தாள். "அத்தா, இன்னிக்கு நான் மிதிக்கறேன்" என்றாள். மாமா வழக்கம் போல, "மாப்பிள்ள இருக்கும்போது..." என்று இழுத்தார். "அவரு சாப்புடட்டும்" என்று சொல்லிவிட்டு அவள் கதவைத் திறந்து உட்கார்ந்துகொண்டாள். துக்கவீட்டில் வாக்குவாதம் செய்வது அழகல்ல. நான் உள்ளே போய் உட்கார்ந்தேன். மாமி போனபிறகு முதல் சாப்பாடு. தால்சாவில் புளி தூக்கலாக இருந்தது.

சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். அண்ணன் 'மிதி' என்றார். அவள் 'புடிச்சிருக்கேண்ணே' என்றாள். அவர் 'வுடும்மா' என்றார். பின் இடது, பின் வலது, முன் வலது, முன் இடது. முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அண்ணன் ஏறி உட்கார்ந்து மிதிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்து என் எதிரில் நின்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று எனக்குத் தெரியவில்லை.

இஃப்ஃபத் பின்னால் வந்தாள். "எத்தன வாரம்?" என்று கேட்டாள்.

முதல் வாரம் தும்மல். அதைக் கழித்து, ஐம்பத்தொன்று என்று சரியாகச் சொன்னேன். அவளிடம் நான் பொய் சொன்னதில்லை.

"சாப்ட்டு முடிச்சிட்டுப் போங்க" என்றாள்.

முடித்துவிட்டுத்தான் வந்தேன். அதை ஒரு குற்றமாகச் சொல்கிறார்கள். போகச் சொன்னாள், சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னாள். இரண்டையும் செய்தேன். நான் செருப்பைப் போடும்போது கொட்டகைக் கதவு திறந்தது. அவளே ஓட்டினாள், பக்கத்தில் அண்ணன். தெருமுனையில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. வண்டி மிதித்த இடத்திலேயே நின்றது. பிரமாதமான பிரேக், ஒப்புக்கொள்கிறேன்.

நிச்சயம் முறிந்ததை நான் ஏற்றுக்கொள்கிறேன். மாமா கேட்பதெல்லாம் ஏன் என்ற கேள்விக்குப் பதில் மட்டும்தான் என்று தெரிவித்தீர்கள். பதிலை மேலே எழுதிவிட்டேன். ஆனால் முழுமையாக எழுத வேண்டும் என்றும் சொன்னீர்கள். ஆகவே யாரும் கேட்காத ஒன்றையும் எழுதிவிடுகிறேன். என்னைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. நான் மறைத்தேன் என்று பிறகு யாரும் சொல்லக் கூடாது.

மாமி உயிரோடு இருந்த கடைசி ஞாயிறு, அதாவது ஐம்பத்திரண்டாவது. அன்று மூன்று சக்கரத்தில் நான் ஒழுங்காகவே மிதித்தேன். கடைசிச் சக்கரத்தில் விட்டுக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். மாமியின் கட்டிலை அப்போது கொட்டகை பக்கத்து ஜன்னலோரம் போட்டிருந்தார்கள், வண்டி தெரிய வேண்டும் என்று மாமிதான் கேட்டார்களாம். மாமா புது ஆயில் டின் எடுக்க உள்ளே போயிருந்தார். அண்ணன் அடியில். நான் அழுத்திப் பிடித்திருந்த நேரத்தில் ஜன்னலிலிருந்து மாமி, "மாப்பிள்ள, ஒரு வருசமா மிதிக்கறீங்களே, காலு வலிக்குதா?" என்று கேட்டார்கள். அப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை. "அதெல்லாம் இல்ல மாமி" என்று அவர்களைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததில் காலை எடுக்க மறந்துபோனேன். அண்ணன் 'வுடு' என்றார். அப்போதுதான் விட்டேன்.

பிறகு மெதுவாக மிதித்துப் பார்த்தேன். கல் போல நின்றது. ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கவில்லை. பிரேக் பிடித்துவிட்டது.

மாமி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "சரியாயிடுச்சா மாப்பிள்ள?" என்றார்கள். நிக்காஹ் நடத்த ஒரு நாள் போதும், பத்திரிகையில் தேதியை எழுத வேண்டியதுதான் பாக்கி. அன்று அடுப்பில் நெய்ச்சோறு இருந்தது, வாசம் வந்தது. எனக்கு ஏனோ அடுத்த ஞாயிறு நான் எங்கே இருப்பேன் என்ற நினைப்பு வந்தது. "அண்ணே, இன்னும் ஒரே ஒரு தடவ பாத்துடலாம்" என்றேன். அண்ணன் என்னை நம்பித் திறந்தார். புடிச்சிருக்கேன் என்று சொல்லிவிட்டுக் காலை எடுத்தேன். இருமிக்கொண்டேன்.

"இல்ல மாமி. அடுத்த ஞாயிறு கண்டிப்பா முடிஞ்சிடும்" என்றேன்.

"அப்ப ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துடறேன்" என்று சொல்லி மாமி சிரித்தார்கள்.

அவர்கள் போனது வியாழக்கிழமை. நான் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஆகவே மாமியைப் பொறுத்தவரை நான் கொடுத்த வாக்கு தவறவில்லை என்பதைப் பெரியவர்கள் கவனத்தில் கொள்ள வேண்டும்.